மூன்று விநாடிச் சிரிப்பு

ரசிக்லால் கோட்டேச்சா தன் கடைசிப் பதினொரு வருடமும் உட்கார்ந்தே தூங்கினார். சர்க்கரை வியாதி என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். டாக்டர் நெஞ்சுச்சளி என்றார். இரண்டும் பொய். மல்லாந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயம். ஊர் ஊராக ஜனங்களை அலறவைத்தே பிழைத்த மனிதர், சாய்வு நாற்காலியில் கழுத்துவலியோடு பதினொரு வருடம் கிடந்தார். அப்படிக் கிடக்க வைத்தவள் வத்சலா பெட்ணேகர். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரசிக்லாலைப் பற்றி இதில் ஒரு நல்ல வார்த்தைகூட வராது, எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஐயோ பாவம் என்று தோன்றுகிறவர்களுக்குத் தோன்றிவிட்டுப் போகட்டும்.

அவருடைய கம்பெனிக்கு அமாவாஸ் மூவிஸ் என்று பெயர். வருடத்துக்கு இரண்டு பேய்ப்படம். அதே மலை பங்களா, அதே குதிரை வண்டி, அதே ரப்பர் முகமூடி. முகமூடியின் மூக்கு கிழிந்தால் அடுத்த படத்தில் மூக்கில்லாத பேய். பம்பாயில் பெரிய தியேட்டர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்காது. கான்தேஷிலும் விதர்பாவிலும் பருத்தி வெடிக்கும் ஊர்களிலும் எங்கள் படம் என்றால் கொட்டகை கொள்ளாது.

வத்சலாவுக்கு அந்தக் கம்பெனியில் நெகடிவ் வெட்டுகிற வேலை. கேமராவில் ஓடிய மூலச்சுருள்தான் நெகடிவ். அதிலிருந்து பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், நெகடிவ் ஒன்றுதான். கை தவறினால் போனது போனதுதான். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, வளையல் கீறும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு, விளக்குக் கண்ணாடி மேஜைமேல் குனிந்து வெட்டுவாள். வெட்டியதைச் சிமெண்ட் தடவி ஒட்டுவாள். ஒவ்வொரு ஒட்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு ஃப்ரேம், அந்தப் பக்கம் ஒரு ஃப்ரேம் சுரண்டிக் கொடுத்தால்தான் சிமெண்ட் பிடிக்கும். அதற்காகவே முனையில் ஒரு ஃப்ரேம் கூடுதலாக விட்டு வெட்டுவோம். எங்கள் இரண்டு மேஜைக்கு வெளியே இது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து மேஜை என்னுடையது. நான் மாதுங்காத் தமிழன், அவளுக்கு உதவியாள். முதலாளி ரசிக்லால் சேட்டுக்கு நான் 'மதராஸி', அவளுக்கு 'பாவு'. தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி 'பாவு, அந்தக் கத்தரியை எடு' என்பாள்.

அவள் எதையும் மறக்கமாட்டாள். பரேலில் அவள் இருந்த சால் என்கிற மில் தொழிலாளர் குடியிருப்புக்கு எதிரே ஒரு ரேஷன் கடைக்காரன் கல் கலந்த அரிசி போட்டுக்கொண்டிருந்தான். பொறுக்கிய கல்லையெல்லாம் அவள் இரண்டு வருடம் ஒரு டப்பாவில் சேர்த்தாள். அவன் மகள் கல்யாணத்தில் வரிசையில் நின்று, ஜரிகைத் தாளில் சுற்றி, மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வந்தாள். 'உங்க மாமனார் வீட்டு அரிசிதான், பத்திரமா வெச்சுக்கங்க' என்றாளாம். மில் ஸ்டிரைக் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் அதற்கப்புறம் ஒரு கடிதாசி போடவில்லை. அந்த ஆள் பெயரைச் சொன்னால் அவள் வேறு எதையாவது பேசுவாள். அதுவும் ஒரு தண்டனைதான்.

அவளுக்கு இருந்தது ஒரு தங்கை, சுலபா. கொங்கணத்தில் கட்டிக்கொடுத்தது. முதல் பிரசவத்தில் குழந்தை பிழைத்தது, அவள் போய்விட்டாள். பிள்ளைபெற்று இறந்தவள் ஹடள் ஆகித் திரும்பி வருவாள் என்று அந்தப் பக்கம் ஒரு பயம் உண்டு. ஹடள் என்றால் பிள்ளைகளைத் தூக்கும் பேய். மாமியார்க்காரி பாடைக்குப் பின்னால் வழிநெடுக கடுகு இறைத்தாளாம், அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும், பேய் வீடு வந்து சேராது என்று. வத்சலா என்னிடம் இதை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"நான் அந்தக் கடுகையெல்லாம் குனிஞ்சு பொறுக்கிட்டே வந்தேன் பாவு. அவ வரணும்னு நெனச்சா வரட்டும்னு."

குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் ரேவா. நான் சொல்லப்போவது நடந்தபோது அவளுக்குப் பத்து வயது. சுலபாவின் கல்யாணப் போட்டோ ஒன்று வத்சலாவின் மேஜையில் சட்டம் போட்டு இருக்கும். மூக்கில் முத்து நத்து, நெற்றியில் பிறை, சிரிப்பை அடக்குகிற வாய். ஐந்து வருடம் தினமும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சேட்டின் கிறுக்கு. அவருடைய எல்லாப் படத்திலும் முதலில் விழுகிற பிணம் அவர்தான். ராசி. மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, மரப்பெட்டியில் படுத்துக்கொள்வார். ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தக்கூடாது. கண்ணைத் திறந்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். செத்துக் காட்டினவர்கள் சிரித்துக் காட்டுவது எல்லாக் கம்பெனியிலும் உள்ள பழக்கம்தான். சேட் அதை ஜோசியர் வரை கொண்டுபோய்விட்டார். அந்தச் சிரிப்பு பிலிமில் இருக்கிறவரை அந்தச் சாவு ரத்து என்று ஜோசியர் சொல்லியிருந்தார். வேறு நாள் சிரித்தால் செல்லாது, அதே படுக்கையில் அதே மூச்சில் சிரித்ததுதான் கணக்கு. அதனால் படத்தில் வராத அந்த மூன்று விநாடித் துண்டை ஒவ்வொரு தடவையும் தனியாக வெட்டி, தகர டப்பாவில் போட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்துப் பூட்டுவோம். பத்தொன்பது படம், பத்தொன்பது சிரிப்பு. டப்பாவின் சாவி வத்சலாவிடம்.

இருபதாவது படம் எண்பத்தாறில். கணபதி பண்டிகைக்கு வத்சலா ரேவாவோடு ஊருக்குப் போயிருந்தாள், பத்து நாள். அந்தச் சமயம் பார்த்து சேட்டுக்குக் கூடுதலாக ஒரு ஷாட் தேவைப்பட்டது. கதாநாயகன் டார்ச் அடிக்கிறான், சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் போட்டோ, அவள் கண்ணிலிருந்து ரத்தம் வடிகிறது. படம் முழுக்கப் பிள்ளைகளைத் தின்கிற பேய் அவள்தானாம். மாலை போட்ட போட்டோவுக்கு எந்த நடிகை முகம் கொடுப்பாள்? அபசகுனம். சேட் எங்கள் அறைக்குள் வந்தார், வத்சலாவின் மேஜையைப் பார்த்தார், சட்டத்தைக் கையில் எடுத்தார்.

"இது யாரு?"

"வத்சலாபாயோட தங்கச்சி, சேட். இறந்துட்டாங்க."

"அப்படின்னா ரொம்ப நல்லது. உயிரோட இருக்கறவங்களுக்குத்தானே தோஷம்?"

கொண்டுபோய்விட்டார். மறுநாள் ஷாட் வந்தது. மூன்றாம் ரீலில் அதை வெட்டி ஒட்டியவன் நான். தெரியாமல் ஒட்டினேன் என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. தெரிந்தேதான் ஒட்டினேன். அவசரம் என்றார்கள், பிரிண்ட் போக வேண்டும் என்றார்கள், எனக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். இருபத்துநாலு பிரிண்ட் ரயிலேறிப் போனது.

வத்சலா வந்தாள். எனக்குப் பிரசாதம் எடுத்து வைத்தாள். பிறகுதான் போட்டோச் சட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடி புதிதாக இருந்தது, ஓரத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாய் தானாக 'மூணாவது ரீல்' என்றது. ரீலை எடுத்து விளக்குக் கண்ணாடிமேல் ஓட்டினாள். நெகடிவில் எல்லாம் தலைகீழ். கூந்தல் வெளுத்து, பல் கறுத்து, கண்ணிலிருந்து பச்சையாக எதுவோ வழிய, சுலபா வந்தாள். வத்சலா கையுறையைக் கழற்றினாள். வேலை நேரத்தில் அவள் அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சேட்டிடம் போய்க் கேட்டாள். நானும் பின்னால் போனேன். ஏன் போனேனோ.

"என் தங்கச்சி படத்த எடுத்துருங்க சேட். எல்லாப் பிரிண்ட்லயும்."

"அரே வத்சலாபாய்! படம் ஓட ஆரம்பிச்சிருச்சு. இனிமே ஊர் ஊராப் போய் யாரு வெட்றது?"

"அவ பேய் இல்ல."

"நான் பேய்னா சொன்னேன்? சினிமா சொல்லுது. மூணு செகண்டு! யாரு பாக்கப் போறா? கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிடும். செத்தும் உன் தங்கச்சிக்கு ஒரு சான்ஸ் குடுத்திருக்கேன், நீ சண்டைக்கு வர்றே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது பெரிய தியாகமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்றாரா? பரேல் தியேட்டரில் முதல் வாரமே சாலில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். கீழ்வீட்டு மாலு மாவ்ஷி நேராக வந்தாள், மாவ்ஷி என்றால் பெரியம்மா, சித்தி முறை. "வத்சலே, நம்ம சுலபாவக் காட்டறாங்கடி! ஐயோ, பாக்கவே பயமா இருந்துச்சு! ஊர்ல அவ மாமியா சொன்னப்ப நான் நம்பல பாத்துக்க." அதோடு விட்டதா? ஒரு சாயங்காலம் ரேவா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கொட்டினாள். புத்தகத்துக்கு நடுவே கைப்பிடி கைப்பிடியாகக் கடுகு. வகுப்பில் யாரும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை. ஹடளோட பொண்ணாம்.

"மாவ்ஷி, எங்கம்மா கண்ணுல ரத்தம் வருமா?" என்று வத்சலாவைக் கேட்டதாம் குழந்தை.

மறுநாள் வத்சலா வேலைக்கு வந்ததும் தகர டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள். இருபதாவது சிரிப்பை வெளியே எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கத்தரியால் மும்மூன்று ஃப்ரேமாக நறுக்கினாள். மூன்று விநாடிக்கு எழுபத்திரண்டு ஃப்ரேம், மூன்று மூன்றாக இருபத்துநாலு துண்டு. இருபத்துநாலு பட்டர் பேப்பரில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் மூன்று மூன்றாக என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

சேட் தட்டில் தால் டோக்ளி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்தாள்.

"என்னது?"

"நீங்கதான் சேட். கண்ணத் தொறக்கறீங்க. பாக்கி இருபத்திமூணு என்கிட்ட இருக்கு. ஒரு பிரிண்ட்லேர்ந்து என் தங்கச்சியக் கொண்டாங்க, ஒரு துண்டு தர்றேன். எல்லாம் கொண்டாந்தா எல்லாம் தர்றேன். இது உங்க கையில குடுத்தது முன்பணம், பரேல் பிரிண்டுக்கு."

சேட்டின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. சிரிப்பு காணோம்னு எழுதிக் குடுங்க."

"உன்ன வேலைய விட்டு..."

"அனுப்புங்க. போற வழியில கடல்தான் இருக்கு, துண்டெல்லாம் அதுலதான்."

சேட் பரேல் பிரிண்டை அன்றைக்கே வெட்டச் சொன்னார். அடுத்ததற்கு மானேஜரை ஜல்காவ் அனுப்பினார். அந்தச் சோம்பேறி மூன்றாம் ரீலில் கைக்கு வந்த மூன்று விநாடியை வெட்டிக்கொண்டு வந்தான். வத்சலா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கதவு சேட். என் தங்கச்சி இல்ல."

அதற்கப்புறம் சேட் யாரையும் நம்பவில்லை. தானே கிளம்பினார். ஜல்காவ், அகோலா, யவத்மால், லாத்தூர். எந்த ரீல் எங்கே ஓடுகிறதோ அங்கே போய், படம் முடிகிறவரை காத்திருந்து, ஆபரேட்டரைக் காக்கா பிடித்து, தானே நின்று வெட்டி வாங்கினார். திருவிழாக் கொட்டகைகளில் மூட்டைப்பூச்சிக் கடியில் உட்கார்ந்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சேட் அதுவரை தன் படத்தை இருட்டில் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. பயம். இப்போது ஊர் ஊராகப் பார்த்தார். ஒவ்வொரு கொட்டகையிலும் முதல் காட்சியில் அவரே பெட்டியில் கிடந்தார், மூக்கில் பஞ்சு. திரையில் அதற்குப் பிறகு சிரிப்பு வராது. செத்தவர் செத்தபடியே கிடக்க, கதை அதன் பாட்டுக்குப் போய்விடும். யவத்மாலில் பாதியில் எழுந்து வெளியே வந்து வாந்தி எடுத்தாராம். அதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியில் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

வத்சலா பேச்சு தவறவில்லை. ஒரு சுலபா வந்தால் ஒரு துண்டு. வந்த சுலபாவை வீட்டுக்குக் கொண்டுபோய், சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பாள். முதலில் ரத்தம் போகும், பிறகு மாலை போகும், கடைசியில் முகமும் போய்த் துண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஹோலி வருவதற்குள் இருபத்துநாலும் சுத்தம். சேட் கையில் இருபத்துநாலு பட்டர் பேப்பர். சேட் நேரே என் மேஜைக்கு வந்தார், வத்சலா பக்கம் போகவே அவருக்கு அப்போது பயம்.

"மதராஸி, ஒட்டு. வரிசையா ஒட்டு. ஒரு ஃப்ரேம் மாறக்கூடாது."

மூன்று ஃப்ரேம் துண்டு. இரண்டு பக்கமும் ஒட்டவேண்டும். ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. வேறு வழி இருந்தது. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகக் கேமராவில் மறுபடி படம்பிடித்து அப்படியே மீட்டிருக்கலாம். லேபில் அதற்கு மெஷின் இருந்தது. சேட்டுக்கு அது தெரியாது. இருபது படம் எடுத்தவர், எங்கள் மேஜைக்கு வந்து என்ன செய்கிறீர்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் வத்சலாவைப் பார்த்தேன். அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சேட்" என்றேன். சுரண்டினேன், சிமெண்ட் தடவினேன், ஒட்டினேன். இருபத்திமூன்று ஒட்டு.

பிரிண்ட் போட்டு, மறுநாள் காலை லேபின் சின்ன அறையில் திரையிட்டோம். சேட் புது எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. திரையில் சேட் கண்ணைத் திறந்தார். உடனே தலை வெட்டி இழுத்தது. கை ஒரு துடி துடித்தது. வாய் கோணியது, பிளந்தது. அசலில் கடைசியில் விழுந்து விழுந்து சிரித்துக் கண்ணை இறுக்கி மூடியிருப்பார், அதனால் கண்ணும் மூடியது. அவ்வளவுதான், ஒரு விநாடிதான். பெட்டிக்குள் ஒரு மனிதன் விழித்து, வலிப்பு வந்து, வாயைப் பிளந்து செத்துப்போனான். அதில் சிரிப்பே இல்லை. பதினாறு வருடம் பேய்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறேன், எனக்கு முதுகு சிலிர்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விளக்கைப் போட்டபோது எலுமிச்சம்பழம் தரையில் உருண்டு கிடந்தது.

"என்னடா பண்ணினே மதராஸி?"

"ஒட்டச் சொன்னீங்க, ஒட்டினேன் சேட்."

வத்சலா வாசலில் நின்றிருந்தாள். "சிமெண்ட் தின்னுருச்சு சேட். ஒரு ஒட்டுக்கு ரெண்டு ஃப்ரேம். இத்தன படம் எடுத்திருக்கீங்க, இது தெரியாதா?"

"கேட்டதெல்லாம் கொண்டாந்து குடுத்தேனே வத்சலாபாய்! ஊர் ஊரா நாய் மாதிரி அலைஞ்சு குடுத்தேனே!"

"நானும் குடுத்துட்டேன். எண்ணிப் பாருங்க, ஒரு ஃப்ரேம் என்கிட்ட இல்ல."

"நான் சாகறேன் அதுல! பாத்தியா? நான் சாகறேன்!"

"மூணு செகண்டுதானே சேட்" என்றாள் அவள். "யாரு பாக்கப் போறா? கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிடும்."

அன்றைக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அவளை வேலையை விட்டு நீக்கவும் பயம், மிச்சம் பத்தொன்பது சிரிப்பின் சாவி அவள் இடுப்பில் இருந்ததே. அமாவாஸ் மூவிஸ் இருபத்தோராவது படம் எடுக்கவில்லை. டப்பாக்களைக் காவல் காக்க மட்டும் எங்கள் இருவருக்கும் வேலை இருந்தது.

சேட் போன பிறகு நானும் அவளும் அறைக்குத் திரும்பினோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மெஷினைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தேனே, அவளுக்கும் அது தெரியுமே, ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சுலபாவின் போட்டோவைத் துடைத்து மேஜையில் நேராக வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"மூணாவது ரீல்ல ஒரு ஒட்டு இருந்துச்சே" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "நான் ஊருக்குப் போனப்ப நீங்க போட்டது. ரொம்ப சுத்தமான ஒட்டு. கொஞ்சங்கூட உங்களுக்குக் கை நடுங்கல."

அதற்கப்புறம் பதினொரு வருடம், சேட் சாகிறவரை, நான் அவள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கத்தரி வேண்டுமென்றால் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போவாள். பாவு என்று அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.